சூரியனுக்கு வெளிச்சமும் சூடும் எங்கிருந்து வருகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னத் தொலைநோக்கி ஒன்றின் வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துக் காட்டுவது என் பழக்கம். பார்க்க வருகிறவர்கள் அட்டையில் தெரியும் கரும்புள்ளிகளை எண்ணி முடித்த கையோடு கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள். பல வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள். கேட்டவர்களில் ஏழு வயதுப் பிள்ளையும் உண்டு, இயற்பியல் படித்துவிட்டு "இதைப் போய்க் கேட்கிறேனே" என்று தயங்கியவரும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். அட்டையில் விழும் பிம்பம் மட்டும்தான் பார்ப்பதற்கு.

சூரியன் ஒரு பெரிய நெருப்புப் பந்துதானே? அங்கே ஆக்சிஜன் இல்லாமல் எப்படி எரிகிறது?

எரியவே இல்லை. விறகு எரிவது வேதிவினை. அதில் அணுக்கள் ஆக்சிஜனோடு கைகோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அணுவின் கருவை யாரும் தொடுவதில்லை. சூரியனில் மாறுவது கருவே. ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியம் கருவாகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. சொல்லப்போனால் சூரியனில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சூட்டில் அது எதோடும் சேர்ந்து எரிய முடியாது.

ஒருவேளை சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து, தேவையான ஆக்சிஜனும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தால்? இன்று அது வெளியிடும் ஆற்றலுக்கு ஏறத்தாழ 5,000 ஆண்டில் சாம்பலாகியிருக்கும். சூரியனின் வயதோ சுமார் 460 கோடி ஆண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு இடித்ததால்தான் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வேறு வழி தேடினார்கள். சூரியன் தன் எடையால் மெல்லச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கமே சூடாகிறது என்றார்கள். அதிலும் சில கோடி ஆண்டுகளுக்குத்தான் வழி கிடைத்தது. பாறைகளின் வயதோ அதைவிடப் பல மடங்கு. ஆனால் அவர்கள் யோசனையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கடைசிப் பக்கக் கேள்வி ஒன்றில் அது திரும்ப வரும்.

அப்போ உள்ளே என்னதான் நடக்கிறது? கணக்கோடு சொல்லுங்கள்.

ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.008 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சேர்ந்தால் 4.032. ஒரு ஹீலியம் அணுவின் நிறை 4.003. நான்கு ஹைட்ரஜனைப் போட்டு ஒரு ஹீலியத்தை எடுத்தால் 0.029 குறைகிறது. நூற்றுக்கு 0.7 பங்கு காணோம். காணாமல் போன அந்த நிறைதான் ஆற்றலாக வெளிவருகிறது. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி நிறையை ஒளியின் வேகத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும் என்பதால், துளி நிறைக்கே தலைசுற்றும் அளவு ஆற்றல். ஒரு கிலோ ஹைட்ரஜன் இப்படி மாறினால், சுமார் 20,000 டன் நிலக்கரியை எரித்ததற்குச் சமம்.

சூரியனின் மையத்தில் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலான நிறை ஆற்றலாகிப் போகிறது. ஹீலியம் நான்கு ஹைட்ரஜனைவிட எடை குறைவு என்பதை ஆஸ்டன் 1920ல் அளந்து காட்டினார். அதே ஆண்டு எடிங்டன், விண்மீன்களின் சூட்டுக்கு இதுதான் ஊற்றாக இருக்க வேண்டும் என்றார். சூரியனில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் என்பது 1925ல் சிசிலியா பெய்ன் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியது. முதலில் பெரியவர்கள் நம்பவில்லை. வினைகளின் படிகளை ஹான்ஸ் பெதே 1930களின் கடைசியில் முழுசாக எழுதி முடித்தார். அதற்கு 1967ல் நோபல் பரிசு வந்தது.

புரோட்டானும் புரோட்டானும் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்தோமே, அவை எப்படி ஒட்டுகின்றன?

நியாயமான கேள்வி. ஹைட்ரஜன் கரு என்பது ஒரு புரோட்டான். இரண்டுமே நேர்மின்னூட்டம், கிட்டே வரவர விலக்கு கூடும். அந்த விலக்கை நேருக்கு நேர் மோதி வெல்ல வேண்டுமானால் 1,000 கோடி டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூரியனின் மையத்தில் இருப்பது 1.5 கோடி டிகிரிதான். பழைய இயற்பியலின் கணக்குப்படி சூரியன் ஒளிரவே கூடாது.

வழி கொடுத்தது குவாண்டம் இயற்பியல். துகள் என்பது ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும் உருண்டை கிடையாது. அது அலை மாதிரி பரவியும் இருக்கிறது. அதனால் தாண்ட முடியாத மேட்டின் அந்தப் பக்கத்தில் அது தென்படுவதற்கும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. காமோவ் 1928ல் கதிரியக்கத்தை விளக்க இதைப் பயன்படுத்தினார். அட்கின்சனும் ஹூட்டர்மன்ஸும் 1929ல் அதையே விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

மேட்டைத் தாண்டினாலும் வேலை முடியவில்லை. இரண்டு புரோட்டான்கள் மட்டும் சேர்ந்து நிலைக்காது. அவை நெருங்கியிருக்கும் அந்தக் கண நேரத்துக்குள் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அது மிக அரிது. சூரியனின் மையத்தில் உள்ள ஒரு புரோட்டான் தனக்கு ஜோடி கிடைக்கச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டு காத்திருக்கிறது! ஒருமுறை ஜோடி சேர்ந்து டியூட்டீரியம் ஆகிவிட்டால் அப்புறம் மளமளவென்று நடக்கும். சில வினாடிகளில் இன்னொரு புரோட்டான் வந்து ஒட்டி ஹீலியம்-3 ஆகும். இரண்டு ஹீலியம்-3 மோதி ஒரு ஹீலியம்-4 ஆகி, இரண்டு புரோட்டான்களைத் திருப்பிக் கொடுக்கும். முதல் படியின் இந்தத் தாமதத்தை மனதில் வையுங்கள். சூரியனைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவ்வளவு மெதுவாக நடக்கிறது என்றால் இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

மொத்த அளவிலிருந்து. சூரியனின் நடு மையத்தில்கூட ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. இலைதழை மட்கும் எருக்குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கதகதப்பு நினைவிருக்கும். அதுவும் ஏறத்தாழ இதே வரிசையில்தான். எடைக்கு எடை பார்த்தால் இன்னும் வேடிக்கை. சூரியனின் ஒரு கிலோ சராசரியாக 0.0002 வாட் வெளியிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு கிலோவுக்கு ஒரு வாட்டுக்கு மேல் வெளியிடும். அதாவது கிலோவுக்குக் கிலோ, நீங்கள் சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சூடு தருகிறீர்கள்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். போடட்டும். சூரியனின் நிறை 2க்குப் பின்னால் 30 பூஜ்யம் போட்ட கிலோகிராம். பூமியைப் போல 3,30,000 மடங்குக்கும் மேல். அத்தனை பெரிய குவியலில் கிலோவுக்கு இத்துனூண்டு வந்தாலே, மொத்தம் 38க்குப் பின்னால் 25 பூஜ்யம் போட்ட வாட் ஆகிவிடுகிறது. உள்ளே உண்டானது வெளியேறவும் நாளாகும் என்பதால், சூடு அங்கேயே தங்கி 1.5 கோடி டிகிரியாக நிற்கிறது. கனத்த கம்பளிக்குள் சின்ன அடுப்பு மாதிரி.

ஹைட்ரஜன் குண்டும் இதே இணைவுதானே? சூரியன் ஏன் ஒரேயடியாக வெடித்துவிடவில்லை?

பெயர்தான் ஹைட்ரஜன் குண்டு. அதில் போடுவது சாதா ஹைட்ரஜன் இல்லை. டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கனமான வகைகள். மேலே சொன்ன தாமதமான முதல் படி அங்கே தேவைப்படாது. அதனால் எல்லாம் நொடியில் ஒரு துளி நேரத்துக்குள் முடிகிறது. சூரியனுக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. மையத்தில் இணைவு கொஞ்சம் கூடினால் சூடு கூடும், அழுத்தம் கூடும், மையம் விரியும். விரிந்தால் குளிரும், இணைவு தணியும். குறைந்தால் மேலே இருக்கும் எடை அழுத்திச் சுருக்கும், சூடேறும், இணைவு மறுபடி கூடும். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரிதான், ஆனால் யாரும் வைக்காதது. வெளியே விரிய இடம் இருக்கிறது, உள்ளே இழுக்க ஈர்ப்பு இருக்கிறது. இந்த இரண்டும் இருக்கும்வரை வெடிக்க வழியில்லை.

மையத்தில் பிறந்த வெளிச்சம் 8 நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடுமா?

8 நிமிடம் 20 வினாடி என்பது சூரியனின் மேற்பரப்பிலிருந்து பூமிக்கு வரும் 15 கோடி கிலோமீட்டருக்கான நேரம். மையத்திலிருந்து மேற்பரப்பு ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர்தான். தடையில்லாமல் போனால் இரண்டேகால் வினாடியில் கடந்துவிடலாம். ஆனால் உள்ளே தடையைத் தவிர வேறொன்றும் இல்லை. மையத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 150 மடங்கு, ஈயத்தைவிடப் பதின்மூன்று மடங்கு. ஒளி மயிரிழை தூரம் போவதற்குள் ஓர் எலக்ட்ரானில் இடித்துத் திசை மாறும். மறுபடி இடிக்கும், மறுபடி மாறும். திருவிழாக் கூட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலைத் தேடுகிறவன் கதைதான். இப்படி ஆற்றல் வெளியே வந்து சேர ஒரு லட்சம் ஆண்டு, அதற்கு மேலும்கூட ஆகும் என்பது வழக்கமான கணக்கு. எந்த அடர்த்தியை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து பத்தாயிரக்கணக்கிலிருந்து லட்சத்துக்கு மேல்வரை விடை மாறும்.

"இன்றைய வெயில் லட்சம் வருடப் பழசு" என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல். பழசு என்பது ஆற்றல். உங்கள் கையில் விழும் ஒளித்துகள் புத்தம் புதுசு, பிறந்து எட்டே நிமிடம் ஆனது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

மையத்தில் பிறப்பது காமா கதிர் என்கிறார்கள். நமக்கு வருவது சாதா வெயில். நடுவில் என்ன ஆகிறது?

சில்லறை மாற்றுவது நடக்கிறது. மையத்தில் பிறக்கும் ஒவ்வொரு காமா துகளும் ஒரு பெரிய நோட்டு. வெளியே போகப்போகச் சூடு குறைகிறது. ஒவ்வோர் அடுக்கும் உள்ளிருந்து வந்த கதிரை விழுங்கி, தன் சூட்டுக்கு ஏற்ற கதிராகத் திருப்பி விடுகிறது. காமா கதிர், எக்ஸ் கதிராகி, புற ஊதாவாகி, கடைசியில் ஒளியாகிறது. ஒரு காமா துகளுக்கு ஈடாக வெளியே வருபவை லட்சக்கணக்கான ஒளித்துகள்கள். ஆற்றலின் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

மையத்திலிருந்து பத்தில் ஏழு பங்கு தூரம்வரை ஆற்றல் இப்படிக் கதிராகவே நகர்கிறது. அந்த இடத்தில் சூடு சுமார் 20 லட்சம் டிகிரி. அதற்கு மேலே கதிர் நகர்வது இன்னும் கஷ்டமாகிவிடுவதால் பொருளே சூட்டைச் சுமந்துகொண்டு மேலேறுகிறது. உலையில் கொதிக்கும் தண்ணீர் புரள்வதுபோல, சூடானது மேலே, ஆறியது கீழே. நல்ல கருவியில் சூரியனைப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க அரிசி பரப்பியது மாதிரி மணிமணியாகத் தெரியும். ஒவ்வொரு மணியும் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். பத்து நிமிடத்துக்குள் கலைந்து வேறொன்று வரும்.

கடைசியில் ஒளிமண்டலம் என்னும் சில நூறு கிலோமீட்டர் தடிப்புள்ள மெல்லிய தோல். அங்கே சூடு சுமார் 5,500 டிகிரி. வாயு ஓரளவு தெளிந்துவிடுவதால் ஒளி தப்பித்து வெளியேறுகிறது. நாம் பார்ப்பது அந்தத் தோலின் ஒளியை. கொல்லன் உலையில் இரும்பு சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெளுத்து ஒளிர்கிறதே, அதே காரணம்தான். சூடான எதுவும் ஒளிரும்.

சூரியன் மஞ்சளா, வெள்ளையா?

வெள்ளை. விண்வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். நமக்கு வரும்போது காற்று நீல ஒளியைச் சிதறடித்து வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது, மிச்சம் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது.

நடுவில் வெற்றிடம்தானே இருக்கிறது? சூடு எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது?

எதையும் பிடிக்கத் தேவையில்லை. கரண்டியின் காம்பு சுடுவதற்கு உலோகம் வேண்டும், தண்ணீர் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். கதிர்வீச்சுக்கு ஒன்றும் வேண்டாம். சூரியனிலிருந்து வருவது மின்காந்த அலை. அதில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பு, நாற்பது சதவீதத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளி, பத்துக்கும் குறைவு புற ஊதா. "ஒளி தனியாக வருகிறது, சூடு தனியாக வருகிறது" என்று நினைப்பது பரவலான தவறு. வருகிற கதிரை உங்கள் தோலோ கல்லோ விழுங்கிக்கொள்ளும்போது அது அங்கே சூடாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சுடவைக்கும். கறுப்புத் துணியை வெயிலில் போட்டால் தெரிந்துவிடும்.

வரும் வழியில் கதிர் விரிந்து நீர்த்துப்போகிறது. சூரியனின் பரப்பில் ஒரு சதுர மீட்டரிலிருந்து கிளம்புவது 6.3 கோடி வாட். பூமி இருக்கும் தூரம் சூரியனின் ஆரத்தைப் போல 215 மடங்கு. 215ஐ 215ஆல் பெருக்கி, அதனால் வகுத்தால், பூமியின் காற்றுமண்டலத்துக்கு மேலே சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். சூரியன் நாலாபக்கமும் கொட்டுவதில் 220 கோடியில் ஒரு பங்குதான் பூமி மேல் விழுகிறது.

மலைமேல் ஏறினால் சூரியனுக்குக் கிட்டே போகிறோம். ஏன் குளிர்கிறது?

எவ்வளவு உயரமான மலையும் 9 கிலோமீட்டருக்குள்தான். 15 கோடி கிலோமீட்டரில் அது ஒரு பொருட்டில்லை. காற்று சூரியனிடமிருந்து நேராகச் சூடாவது குறைவு; கீழே இருக்கும் தரைதான் அதற்கு அடுப்பு. அடுப்பை விட்டு விலகினால் குளிரும்.

நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தானே? அது ஏன் சுடவில்லை?

முழுநிலவின் ஒளி வெயிலைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு மங்கல். சுடத்தான் செய்கிறது, தோலுக்குத் தெரியாத அளவில்.

யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இதெல்லாம் ஊகம்தானே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் விடை மிக அருமையானது. உள்ளிருந்து நேராக ஆள் வருகிறது. இரண்டு புரோட்டான்கள் இணையும்போதெல்லாம் நியூட்ரினோ என்ற ஒரு துகள் பிறக்கிறது. அது எதனோடும் ஒட்டாத ஜென்மம். ஒளிக்கு லட்சம் ஆண்டு பிடிக்கும் பாதையை இரண்டேகால் வினாடியில் கடந்து வெளியே வந்துவிடும். இதைப் படிக்கும்போது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும்தான். அப்போது பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வரும்.

இவற்றைப் பிடிக்க ரே டேவிஸ் 1960களில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், துணிகளை உலர்சலவை செய்யப் பயன்படும் திரவம் நிறைந்த பெரிய தொட்டியை வைத்தார். நியூட்ரினோக்கள் சிக்கின. ஆனால் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே சிக்கியது. சூரியக் கணக்கு தப்பா, தொட்டி தப்பா என்று முப்பது வருடம் சண்டை. 2001, 2002ல் கனடாவின் சட்பரி ஆய்வகம் முடிச்சை அவிழ்த்தது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு, வரும் வழியில் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகிறது. டேவிஸின் தொட்டிக்குத் தெரிந்தது ஒரு வகை மட்டும். மூன்றையும் கூட்டினால் கணக்கு சரியாக வந்தது. டேவிஸ் 2002லும், சட்பரியின் மெக்டொனால்டும் ஜப்பானின் கஜிட்டாவும் 2015லும் நோபல் பரிசு பெற்றார்கள். முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே இத்தாலியின் போரெக்சினோ கருவி பிடித்துவிட்டதாக 2014ல் அறிவிப்பு வந்தது. மூன்றாவது பதிலில் சொன்ன அந்தச் சோம்பேறி வினை நடப்பதை அப்படியே பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

இது தவிர, சூரியன் மணி மாதிரி அதிர்ந்துகொண்டும் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பரப்பு ஏறி இறங்கும். நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உட்புறத்தை அறிவதுபோல, இந்த அதிர்வுகளை வைத்துச் சூரியனின் உள்ளடுக்குகளைக் கணித்திருக்கிறார்கள். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் தெரிந்த கரும்புள்ளி என்ன? அணைந்துபோன இடமா?

காந்தப்புலம் வலுத்து, கீழிருந்து சூடு புரண்டு மேலே வருவதைத் தடுக்கும் இடம். அங்கே 4,000 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். சுற்றிலும் 5,500 இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. அந்தப் புள்ளியை மட்டும் தனியே வானில் தொங்கவிட்டால் கண் கூசும். புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சூரியனின் மொத்த ஒளி அதனால் மாறுவது 0.1 சதவீதம்தான்.

மேற்பரப்பு 5,500 டிகிரி, அதற்கு வெளியே கரோனா பத்து லட்சம் டிகிரி. அடுப்பைவிட்டு விலகினால் குளிரும் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

மாட்டிக்கொண்டேன். உண்மையிலேயே சூரிய இயற்பியலில் இன்னும் விவாதம் ஓயாத இடம் இது. கரோனாவின் சூடு கீழிருந்து சாதாரணமாகப் பரவிய சூடு இல்லை. காந்தப்புலத்தின் வழியே ஏற்றப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. காந்த அலைகள் மேலே போய் உடைந்து சூடாக்குகின்றனவா, முறுக்கிய காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டும்போது வெடிக்கும் குட்டிக் குட்டி வெடிப்புகள் சூடாக்குகின்றனவா, இரண்டும் எந்த விகிதத்தில் என்பதில்தான் சண்டை. 2018ல் கிளம்பிய பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர்வரை போய் வந்ததும், இந்தியாவின் ஆதித்யா-எல்1 2023 செப்டம்பரில் கிளம்பியதும் இந்த வழக்கையும் சேர்த்து விசாரிக்கத்தான்.

டிகிரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். கரோனா அவ்வளவு மெல்லியது. தீபாவளி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி இருக்கும், கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். நமக்கு வரும் வெயிலில் கரோனாவின் பங்கு மிகச் சொற்பம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதன் வெளிச்சம்.

வினாடிக்கு 40 லட்சம் டன் குறைகிறது என்றீர்கள். இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

பிறந்ததிலிருந்து இதுவரை ஒளியாகக் கரைத்த நிறையைக் கூட்டினால் பூமியைப் போல எண்பது தொண்ணூறு மடங்கு வரும். சூரியனுக்கு அது 0.03 சதவீதத்துக்கும் குறைவு. எடை பிரச்சினையே இல்லை. பிரச்சினை மையத்தில் இருக்கும் ஹைட்ரஜன். ஏனென்றால் போதுமான சூடு மையத்தில் மட்டும்தான். வெளியே இருக்கும் ஹைட்ரஜன் தானாக உள்ளே வந்து சேராது. மையத்தில் பாதிக்கு மேல் ஏற்கனவே ஹீலியமாகிவிட்டது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுக்கு வரும். அதன்பின் வெளிப்பகுதி ஊதிப் பெருத்துச் சிவப்பு ராட்சதனாகி, கடைசியில் மேலுறைகளை உதறிவிட்டு, பூமியின் அளவே உள்ள வெள்ளைக் குள்ளனாக மிஞ்சும்.

நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மையத்தில் ஹீலியம் சேரச்சேர அது இன்னும் இறுகிச் சூடாவதால், சூரியன் மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. பிறந்தபோது இன்றைய ஒளியில் 70 சதவீதம்தான் இருந்தது. இனி ஒவ்வொரு நூறு கோடி ஆண்டுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கடல்கள் தாங்காது.

சூரியன் 1.5 கோடி டிகிரியில் செய்வதை நாம் 10 கோடி டிகிரி வைத்தும் செய்ய முடியவில்லையா?

சூரியனை அப்படியே நகலெடுத்தால் பிரயோஜனம் இல்லை. எருக்குவியல் பதிலைத் திரும்பப் பாருங்கள்: ஒரு கன மீட்டருக்கு 300 வாட்கூட வராத உலையை யார் கட்டுவார்கள்? சூரியனிடம் நிறையும் நேரமும் இருக்கின்றன. நம்மிடம் இரண்டும் இல்லை. அதனால் வேகமாக இணையும் டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் எடுத்துக்கொண்டு, சூட்டை 10 கோடி டிகிரிக்கு மேல் ஏற்றுகிறோம். அதைத் தாங்கும் பாத்திரம் கிடையாது என்பதால் காந்தப்புலத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும், அல்லது லேசர்களால் ஒரு கண நேரத்தில் நசுக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய எரியூட்டு ஆய்வகம் 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தது. லேசர்களை இயக்கச் செலவான மின்சாரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அது சுமார் 300 மெகாஜூல்.

மையத்தில் இணைவு இந்த நிமிடமே நின்றுபோனால், எப்போது தெரியும்?

நியூட்ரினோ பிடிக்கிறவர்களுக்கு எட்டேகால் நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவிகள் மௌனமாகிவிடும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. மறுநாளும் விடியும், அடுத்த ஆயிரம் வருடமும் விடியும். உள்ளே சேர்ந்து கிடக்கும் சூடு அவ்வளவு. அது கசிந்து போகப்போகச் சூரியன் சுருங்கும், சுருங்கும்போது கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்னபடி மறுபடி சூடு உண்டாகும். அப்படியே சில கோடி ஆண்டு ஓட்டிவிடலாம்.

இதில் ஒரு தலைகீழ் உண்மை இருக்கிறது. இணைவு நடப்பதால் சூரியன் சூடானது என்று நினைக்கிறோம். சூரியன் சூடானது அது கனமாக இருப்பதாலும் அந்தக் கனத்தில் சுருங்கியதாலும். அந்தச் சூட்டில்தான் இணைவு பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டபின், வெளியே போகும் ஆற்றலை ஈடுகட்டி, மேலும் சுருங்கவிடாமல் சூரியனை நிறுத்தி வைத்திருக்கிறது.

நிறையத் தண்ணீர் ஊற்றினால் சூரியன் அணையுமா?

ஏழு வயதுப் பிள்ளை கேட்டது இதுதான். முதல் பதிலில் சொன்னபடி சூரியன் எரியவில்லை. எனவே தண்ணீர் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. சரி, பூமியின் கடல்கள் அத்தனையையும் கொண்டுபோய் ஊற்றுவோம். அதை ஆவியாக்கச் சூரியனின் பத்து வினாடி ஆற்றல் போதும். ஆனால் உயரத்திலிருந்து ஊற்றுகிறோம் இல்லையா, அந்தத் தண்ணீர் சூரியன்மேல் விழும்போது வினாடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். அந்த மோதலில் உண்டாகும் சூடு, சூரியன் ஏறத்தாழ எட்டு நாளில் வெளியிடும் ஆற்றலுக்குச் சமம்.

கடல் போதாது, சூரியன் அளவு தண்ணீர் ஊற்றுவேன் என்றான் பிள்ளை. ஊற்றினால் நிறை இரண்டு மடங்காகும். தெர்மோஸ்டாட் கதையில் சொன்ன அந்த எடை கூடி மையத்தை இன்னும் நசுக்கும், சூடு ஏறும். தண்ணீரிலேயே ஹைட்ரஜனும் இருக்கிறது. சூரியன் பல மடங்கு பிரகாசமாகும். இதைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் "மண்ணைப் போட்டால்?" என்றான்.